பிலிப்பைன் தீவினரும் இணைய வாணிகமும்

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு வாணிகத்தைப்பற்றி எழுதுதற்கு யாது உரிமை உண்டு என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். சிலப்பதிகாரத் தலைவன் வாணிகர் குடியிற் பிறந்தவன். மணிமேகலையை யாத்த சாத்தனார் கூலம் விற்றவர் என்பது மரபு. ஆதலின் அவ்வுரிமை எமக்குப் பழமையானதே என விடை கூறி மேற்செல்கின்றோம். பொருள்நூல் பயிலும் எம் விடுதி நண்பர் ஒருவர், "ஒரு நாட்டாரிடம் இணையத்தின் வழியே பொருள் விற்க விரும்புவோன் தன் விளம்பர முறையை அந்நாட்டார்க்கேற்ப எங்ஙனம் திருத்திக்கொள்ளவேண்டும்? பிலிப்பைன் தீவினரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பாரும்" என்று எம்மைத் தூண்டினார். அத்தூண்டுதலின் பயன் இக்கட்டுரை.

இத்துறைபற்றிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரே பாட்டையே பாடுகின்றன. அந்நாட்டார் மொழியிற் பேசுக. அவர் திருநாட்களை அறிக. அவர் கண்ணீரும் நகையும் எவற்றாற் பிறக்கின்றன என்று கண்டு விளம்பரம் எழுதுக என்பனவே அவை கூறும் அறிவுரை. இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றின் அடியில் வேறொரு வினா கிடக்கின்றது. முகம் காணாத இருவர் பொருள் மாறுங்கால், இடையே நேரக்கூடிய இழப்பை யார் சுமப்பது என்பதே அவ்வினா. எமக்கே இதில் ஒரு பட்டறிவு உண்டு. சென்ற ஆண்டு யாம் ஒரு பழைய இலக்கண உரைநூலை இணையவழி வாங்க முற்பட்டு, விலையை முன்னரே செலுத்திவிட்டு, நூலும் பெறாது பணமும் பெறாது நின்றோம். எழுதிய கடிதங்களுக்கு ஓர் இயந்திரம் அன்போடு விடையளித்தது. மனிதர் எவரும் விடையளித்திலர். பிலிப்பினோ மக்கள் இணையத்தில் வாங்கும் முறையை ஆராயப் புகுந்தபோது, அம்முறையின் ஒவ்வொரு கூறும் எம்மைப்போல் ஏமாறாதிருத்தற்பொருட்டு அவர்கள் தாமே கட்டிக்கொண்ட வேலி என்பது எமக்குப் புலனாயிற்று.

முதற்கண் அந்நாட்டின் இயல்பைச் சிறிது கூறுவாம். பிலிப்பைன் நாடு 7,600க்கு மேற்பட்ட தீவுகளாலாயது. 2020 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஆங்கு வாழ்வோர் ஏறக்குறைய 10 கோடியே 90 இலட்சம் பேர். 1565 முதல் ஸ்பானியரும், 1898 முதல் அமெரிக்கரும் ஆண்டனர். இடையே சில ஆண்டுகள் ஜப்பானியர் கையிலும் அகப்பட்டு, 1946 ஜூலை 4 ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. நூற்றுக்கு ஏறக்குறைய எழுபத்தொன்பதின்மர் ரோமன் கத்தோலிக்கர். தென்றிசைத் தீவாகிய மிண்டனாவோவில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதிகளும் உள. தமிழ்ச் சொற்களிற் சில மலாய் மொழியின் வழியே அத்தீவுகளிலும் சென்று தங்கின. நம் மாங்காயே அவர்க்கு 'மங்கா' ஆயிற்று என்பர் மொழிநூலார். நம் முருங்கையை அவர்கள் வழங்கும் 'மலுங்காய்' என்னும் சொல்லோடு ஒப்பிட்டுக் காண்பாருமுளர். கடல் கடந்த பண்டமாற்று அவர்க்குப் புதிதன்று என்றற்கு இதுவே போதும்.

இனி, அவர்கள் இணையத்தில் எங்ஙனம் வாங்குகின்றனர் என்பதைக் காண்பாம்.

பிலிப்பினோ மக்களின் தெருமுனைகளில் 'சாரி-சாரி' என்று வழங்கும் சிறு கடைகள் உண்டு. சாரி-சாரி என்பதற்குப் பலவகை என்பது பொருள். வீட்டின் முன்னறையிற் கம்பி வலையிட்டு நடத்தும் இக்கடைகள் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேல் உள என்பர். இக்கடைக்கும் அதனிடம் நாள்தோறும் வாங்குவோர்க்கும் இடையேயுள்ள உறவிற்குச் 'சூகி' என்று பெயர். விற்போன் கொள்வோனைச் சூகி என்கின்றான். கொள்வோனும் விற்போனைச் சூகி என்றே அழைக்கின்றான். சீனத்து ஹொக்கியன் மொழியினின்றும் வந்த சொல் இஃது என்ப. இருவர்க்கும் ஒரே சொல்லாதலை ஈண்டு நோக்குக. நம் மொழியில் 'வாடிக்கைக்காரர்' என்றால் பெரும்பாலும் வாங்குவோரையே குறிக்கும். அவர் மொழியிலோ உறவு இருபாலதாகின்றது. சூகி ஆகிவிட்டால் நல்ல மீனை எடுத்து வைப்பர். விலையிற் சிறிது தள்ளுவர். கையிற் காசில்லாத நாளிற் கடனும் தருவர். கொள்வோனும் ஒரு பெசோ குறைவு என்பதற்காக அயற்கடைக்கு ஓடான்.

இவ்வுறவை அவர்கள் இணையத்திற்கும் எடுத்துச் சென்றனர். ஒரு கடையின் பக்கத்திற் படமும் விலையும் அளவும் நிறமும் எல்லாம் எழுதப்பட்டிருப்பினும், வாங்குமுன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, "இன்னும் இருக்கின்றதா?" என்று வினவுதல் அவர்கள் வழக்கம். மேல்நாட்டு விளம்பர வல்லுநர் இதனை வீண்வேலை என எண்ணி, ஒரே தொடுதலிற் பொருள் வாங்கும் பொறியை அமைத்துத் தந்தனர். ஆனால் அவ்வினாவின் நோக்கம் பொருள் இருப்பை அறிவது மட்டுமன்று. திரைக்குப் பின்னே ஒரு மனிதர் இருக்கின்றாரா, அவர் விடையளிக்கின்றாரா, பின்னர் ஏதேனும் குறை நேரின் அவரைப் பிடிக்க இயலுமா என்று தட்டிப் பார்க்கும் கைத்தட்டு அது. பானை வாங்குவார் அதனைத் தட்டிப் பார்ப்பதில்லையா?

பேச்சிற்கு இத்துணை இடம் கொடுத்தற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கைபேசியிற் குறுஞ்செய்தி அனுப்புவதில் அந்நாடு உலகின் தலைநகர் எனப் பெயர் பெற்றிருந்தது. 2001 ஜனவரியில் ஜனாதிபதி எஸ்ட்ராடாவைப் பதவியினின்றும் இறக்கிய மக்கட் கூட்டம் எட்சா நெடுஞ்சாலையில் திரண்டதும் குறுஞ்செய்திகளின் வழியாகவே. பின்னர் 2013 ஆம் ஆண்டில் குளோப் என்னும் தொலைபேசிக் கம்பெனி, பேஸ்புக்கைக் கட்டணமின்றிப் பார்க்கும் வசதியைத் தன் சந்தாதாரர்க்கு அளித்தது. 2015 இல் வேறொரு கம்பெனியும் அவ்வாறே செய்தது. இதனால், இணையம் என்றாலே பேஸ்புக் என எண்ணுவார் பலராயினர். இக்காரணத்தால் விற்போன் அறியவேண்டுவதொன்றுண்டு. கட்டணமில்லாத வழியிற் பார்ப்போர்க்கு எழுத்துக்கள் தோன்றும்; படங்கள் தோன்றா. விலையையும் அளவையும் அழகிய படத்தினுள்ளே பொறித்துவிட்டு, அடியில் ஒரு வரியும் எழுதாத விளம்பரம் அன்னாருக்கு வெறும் வெற்றிடமே. வேறோர் இடத்துக்குச் செல்லுமாறு கூறும் இணைப்பும் அங்ஙனமே. அதைத் தொட்டாற் காசு செலவாகும். ஏழையின் கைபேசியிற் பணம் தீர்ந்திருக்கும் மாதக் கடைசியை மனத்திற் கொண்டு எழுதுபவனே நல்ல விளம்பரக்காரன்.

2021 ஆம் ஆண்டிற் பன்னாட்டுக் கணக்கெடுப்பொன்று, பிலிப்பினோக்கள் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி 15 நிமிடம் சமூக வலைத்தளங்களிற் செலவிடுகின்றனர் என்றும், இஃது உலகிலேயே மிகுதி என்றும் கூறிற்று. பெருந்தொற்றின் ஊரடங்கு அப்பொழுது முற்றும் நீங்கியதன்று. அக்காலத்தேதான் நேரலையில் விற்கும் முறையும் பெரிதும் ஓங்கிற்று. பெண்ணொருத்தி தன் வீட்டில் அமர்ந்து, பழைய உடைகளை ஒன்றொன்றாகத் தூக்கிக் காட்டி, எண் சொல்லி விலை கூறுவாள். பார்ப்போருள் முதலில் 'மைன்' என்று எழுதுவோர்க்கு அது உரியது. 'என்னுடையது' என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொல் அது. இடையிடையே அவள் பார்ப்போரைப் பெயர் சொல்லி அழைப்பாள், குழந்தை நலமா என்பாள், பாடவும் செய்வாள். சந்தையின் கூச்சல் முழுவதும் கைபேசிக்குள் வந்துவிட்டது.

இவ்வுரையாடலிலும் ஒரு தீமை முளைத்தது. விற்போர் பலர் விலையை வெளியே எழுதாமல், 'தனிச் செய்தி அனுப்புக' என்று மட்டும் எழுதலாயினர். கேட்பவர் யார், அவர் படத்திற் காணும் வீடு எத்தகையது என்று பார்த்து, ஆளுக்கொரு விலை கூற இது வாய்ப்பாயிற்று. அந்நாட்டு வாணிக அமைச்சு, 1992 ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் பொருள்களுக்கு விலைச்சீட்டு வேண்டும் என விதித்திருத்தலைச் சுட்டி, இணையத்தில் விற்போரும் விலையை வெளிப்படக் காட்டுதல் வேண்டும் என்று எச்சரித்தது. பேச்சு நம்பிக்கையை வளர்ப்பதற்கேயன்றி விலையை மறைப்பதற்கன்று என்பதே அதன் கருத்தாகும்.

மொழியைப்பற்றி ஒரு சொல். தமிழ் மாணாக்கராகிய எமக்கு இதுவே மிகச் சுவை தந்த பகுதி. தகாலோக் மொழியிற் பணிவு காட்டுதற்கு வாக்கியத்தின் இடையே 'போ' என்னும் ஓர் இடைச்சொல்லைச் சேர்ப்பர். நம் செவிக்கோ அது விரட்டும் சொல். அவர்க்கோ அதுவின்றேல் விற்போன் செருக்கன். மூத்த பெண்களை 'ஆத்தெ' என்றும், மூத்த ஆடவரைக் 'குயா' என்றும் முறைப்பெயராலழைப்பர். அறியாதவராயினும் அக்கா என்றும் அண்ணா என்றும் நாம் அழைக்கவில்லையா? பேச்சிலே தகாலோக்கும் ஆங்கிலமும் பின்னிக் கிடக்கும். தூய ஆங்கிலத்தில் எழுதிய விளம்பரம் வங்கியின் அறிவிப்புப்போல் ஒலிக்கும். தூய இலக்கியத் தகாலோக்கோ பள்ளிப் பாடம்போல் ஒலிக்கும் என்க. (இக்கட்டுரையின் நடையைப்பற்றி அங்ஙனமே கூறுவார் நம் கல்லூரியிலும் உளர்.) எனினும் மணிலாவில் வென்ற நடை எங்கும் வெல்லும் என்று கொள்ளுதல் தவறு. அந்நாட்டில் வழங்கும் மொழிகள் நூற்றெழுபதுக்கு மேல். சேபுவாணோ மொழியில் 'போ' என்னும் அச்சொல்லே இல்லை. சேபு நகரத்தாரிடம் அடிக்கொரு 'போ' போட்டுப் பேசும் விளம்பரம், பணிவாகத் தோன்றாது, தலைநகரத்தானின் குரலாகவே தோன்றும். அவர்தம் மொழியில் ஒரு விடையளிப்பவரை அமர்த்துதலே அதற்கு மருந்து. ஓர் ஆள் சம்பளம் செலவாகும் என்பதால் இதனைச் செய்வார் சிலரே.

இனிப் பணம் கொடுக்கும் முறை. இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே யாதலின் சிறிது விரித்துரைப்பாம்.

பொருளைக் கையிற் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையை நாமும் அறிவோம். பிலிப்பைன் தீவுகளில் இணைய வாணிகம் வேரூன்றியது இம்முறையாலேயே. லசாடா என்னும் அங்காடி 2012 இலும், ஷாப்பி என்னும் அங்காடி 2015 இலும் ஆங்குத் தொடங்கப்பெற்றன. அந்நாளில் வங்கிக் கணக்குடையார் சிறுபான்மையோர். 2019 ஆம் ஆண்டில்கூட வளர்ந்தோருள் நூற்றுக்கு இருபத்தொன்பதின்மர்க்கே ஏதேனும் ஒரு நிதிக் கணக்கு இருந்தது என்று அந்நாட்டு மத்திய வங்கியின் ஆய்வு கூறுகின்றது. 2021 இல் அது ஐம்பத்தாறாக உயர்ந்தது. 2004 இல் தொடங்கிய ஜிகேஷ் போன்ற கைபேசிப் பணப்பைகளும், 2018 இல் வந்த இன்ஸ்டாபே என்னும் உடனடிப் பண மாற்று வழியும் இதற்குத் துணைசெய்தன. ஊரடங்கு இவ்வழிகளை நாட எல்லாரையும் தூண்டிற்று. 2023 இல் நடந்த சில்லறைக் கொடுக்கல் வாங்கல்களில் எண்ணிக்கையளவில் 52.8 விழுக்காடு மின்வழியே நடந்தன.

இங்கே வல்லுநர் பலர் ஒரு முடிவுக்கு வருகின்றனர். கணக்கில்லாமையாலேயே மக்கள் ரொக்கம் கொடுத்தனர். கணக்கு வந்துவிட்டமையின் ரொக்கம் ஒழியும் என்பதே அம்முடிவு. எமக்கு இஃது அரையுண்மையாகவே படுகின்றது. கணக்குடையாரும் ரொக்கம் கொடுக்கின்றனரே, ஏன்? பொருள் வாசலுக்கு வந்த பின்னரே பணம் கைவிட்டுப் போகவேண்டும் என்பதனாலன்றோ? ரொக்கம் அவர்க்கு ஒரு பழக்கம் என்பதினும் ஒரு காப்புறுதி என்பதே பொருந்தும். ஆகவே, முன்பணம் பெற விரும்பும் விற்போன் தள்ளுபடி காட்டி மக்களை இழுத்தல் மட்டும் போதாது. பொருள் கைவந்து சேரும்வரை பணத்தை இடையே ஒருவர் வைத்திருத்தல், குறையுடைய பொருளை வழக்காடாது திருப்பிக் கொள்ளுதல் முதலிய வழிகளால் ரொக்கம் தந்த காப்பை வேறு வகையால் தருதல் வேண்டும். பெரிய அங்காடிகள் இவ்வழியைக் கைக்கொண்டே ஓங்கின.

ஆயின் ரொக்க முறையில் இழப்பு மறைந்துவிட்டதா? இல்லை; இடம் மாறிற்று. கொள்வோன் தலையினின்று இறங்கி விற்போன் தலையிலும், அவனினும் எளியவனாகிய கொணர்வோன் தலையிலும் ஏறிற்று. நேரலையில் 'மைன்' என்று எழுதிவிட்டுப் பின்னர்க் காணாமற் போவாரை அவர்கள் 'ஜாய் ரிசர்வர்' என்று இகழ்வர். உணவு கொணர்வோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. உணவுக்கடையிற் பலமுறை தம் சொந்தக் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, அதனை வாங்குவோர் வாசலிற் பெறுவதே அவர் தொழில்முறை. ஊரடங்குக் காலத்தில் விளையாட்டாகவும் பகையாலும் பிறர் முகவரிக்குப் பொய்யாணை கொடுத்தார் பலர். ஒரே வாசலிற் பல மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்ற செய்திகள் வெளிவந்தன. வீட்டார் தமக்கு ஒன்றும் தெரியாது என்பர். சமைத்த உணவோ ஆறிக்கொண்டிருக்கும். ஒருநாட் கூலியை இழந்து நிற்பவன், விளம்பரத்தின் அழகையோ அங்காடியின் வளர்ச்சியையோ கண்டு என்ன பயன்?

2023 டிசம்பரில் நிறைவேறிய இணையக் கொடுக்கல் வாங்கற் சட்டம் இதனை நோக்கிற்று. விற்போரும் கொணர்வோரும் முன்பணம் கொடுத்துவிட்ட பொருளையும், வழியில் வந்துகொண்டிருக்கும் பொருளையும் வாங்குவோர் தம் மனம்போல் மறுத்தலாகாது என்று அது வரையறுத்தது. விற்போர்க்குரிய கடமைகளையும் விதித்து, நம்பகமான விற்போர்க்கு ஒரு முத்திரை வழங்கவும் வழிசெய்தது. சட்டம் சரியே. ஆனால் வீட்டு எண்ணில்லாத சந்துகளில், 'கோயிலுக்குப் பக்கத்தில் நீலக் கதவு' என்னும் முகவரியோடு அலையும் கொணர்வோன், இருநூறு பெசோவுக்கு எவர்மீது வழக்குத் தொடுப்பான்? முன்பின் அறியாதவர் கொடுக்கும் பெரிய ஆணையைத் தொலைபேசியில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்தல், இழப்பைக் கொணர்வோன்மீது சுமத்தாது கம்பெனியே ஏற்றல் ஆகிய இரண்டும் சட்டம் வருமுன்னரே செய்யக்கூடியனவாயிருந்தன.

ஈண்டு வேறொரு வகைக் கொள்வோரையும் குறித்தல் வேண்டும். கடல் கடந்து உழைக்கும் பிலிப்பினோக்கள் 2023 இல் வங்கிகளின் வழியே நாட்டுக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். இவர்களுள் ஒருவர் துபாயிலிருந்துகொண்டு, இலோயிலோ நகரத்துத் தாய்க்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை இணையவழி வாங்கக்கூடும். வாங்குவோர் ஒருவர், பெறுவோர் மற்றொருவர். பெறுவோர்க்கு என்ன வருகின்றதென்றே தெரியாதிருக்கலாம். பொருளைச் சேர்ப்பித்தபின் அதன் படத்தை வாங்கினவருக்கு அனுப்பும் சிறு வழக்கம், இத்தகையார்க்கு எவ்விளம்பரத்தினும் பெரிது.

நாட்காட்டியைப் பற்றிச் சுருங்கக் கூறுவாம். அந்நாட்டிற் கிறிஸ்துமஸ் காலம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள நான்கு மாதப் பெயர்களும் 'பெர்' என்று முடிதலின், 'பெர் மாதங்கள்' என்றே அக்காலத்தை வழங்குவர். கடைகளில் கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்கள் அப்பொழுதே ஒலிக்கும். 1975 ஆம் ஆண்டின் ஆணையொன்றின்படி, தொழிலாளர்க்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் டிசம்பர் 24க்குள் கொடுக்கப்படல் வேண்டும். மாதத்துக்கு இருமுறையேனும் கூலி கொடுத்தல் சட்டம்; ஆதலின் 15 ஆம் நாளையும் மாத இறுதியையும் ஒட்டியே மக்கள் கையிற் காசு நடமாடும். 15 ஆம் நாளை ஸ்பானிய எண்ணுப்பெயராற் 'கின்சே' என்பர். இவ்விரு நாட்களோடு, சீன அலிபாபா கம்பெனி 2009 இல் தொடங்கிய நவம்பர் 11 ஆம் நாள் விற்பனையும், அதனைப் பின்பற்றியெழுந்த 9.9, 10.10, 12.12 என்னும் இரட்டை நாட்களும் சேர்ந்துகொண்டன. பரிசுத்த வாரத்தில் விற்பனைக் கூச்சலை அடக்குதலும், மிண்டனாவோவின் முஸ்லிம்கட்குக் கிறிஸ்துமஸ் விளம்பரத்தையே அனுப்பாது ரமலான் மாதத்தை நினைத்தலும் நாகரிகமுடையார்க்குச் சொல்லவேண்டுவனவல்ல.

உள்ளத்தைத் தொடும் கதைகளை அம்மக்கள் மிக விரும்புவர். 2017 ஆம் ஆண்டு வாலண்டைன் நாளையொட்டி ஜாலிபி என்னும் உணவுக் கம்பெனி மூன்று குறும்படங்களை இணையத்தில் வெளியிட்டது. அவற்றுளொன்றில், திருமணத்திற்கு ஆயத்தமாகும் ஆடவனே மணமகன் என்று நாம் எண்ணியிருக்க, அவன் மணமகனல்லன், தோழன் என்பது இறுதியில் வெளியாகும். பல இலட்சம் பேர் கண்டு கலங்கினர். கோழிக்கறியைப்பற்றி அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இதனைக் கண்டு மற்றைக் கம்பெனிகளும் அழவைக்கும் படங்களை எடுக்கப் புகுந்தன. 1975 முதல் அம்மக்களோடு வளர்ந்த கம்பெனிக்கு வாய்த்தது நேற்று வந்தவர்க்கு வாய்த்தல் அரிது.

இனிக் கூறப்போவது எமக்கு மனவருத்தம் தந்த பகுதி. சாரி-சாரிக் கடையில் ஒரு சிகரெட்டு, ஒரு பூண்டு, ஒரு குப்பி எண்ணெய் என்று உதிரியாக வாங்கும் வழக்கத்தைத் 'திங்கி' என்பர். நாட்கூலி பெறுவோர்க்கு வேறு வழியில்லை. நம் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பைகளில் அடைத்து எளியோர்க்கு எட்டச் செய்ததும் இதுபோன்ற தேவையை அறிந்தேயாம். 2003 ஆம் ஆண்டிற் பிலிப்பைன் தொலைபேசிக் கம்பெனிகள், கைபேசிக் கணக்கிற் பணம் ஏற்றுவதையும் இவ்வாறு சில பெசோக்களாகச் சிதறடித்து விற்கத் தொடங்கின. இணைய அங்காடியும் அவ்வழியே நடந்து, விலையைச் சிறு தவணைகளாகப் பிரித்து, 'இன்று பெறுக, பின்னர்க் கொடுக்க' என்றது. சூகியின் கடனும் தவணைதானே என்பார்க்கு, அன்று என்கின்றோம். சாரி-சாரிக் கடைக்காரி கடன் கொடுத்தவனின் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று அறிவாள். கொடுக்க இயலாத வாரத்திற் பொறுப்பாள். கைபேசிச் செயலி அறியாது.

அறியாதது மட்டுமோ! கடன் கொடுக்கும் செயலிகள் சில, கடன் வாங்கியோரின் கைபேசியிலுள்ள பெயர்களையும் எண்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவுடன் அவர்தம் உறவினர்க்கும் மேலதிகாரிக்கும் செய்தியனுப்பி நாணச்செய்தன. 'ஹியா' என்று அவர்கள் வழங்கும் நாணவுணர்ச்சி அம்மக்களிடத்தே மிக ஆழமானது. அப்பண்பை அறிந்தே, அதனை வசூற்கருவியாக்கினர். மக்களின் பண்பாட்டை ஆராய்ந்து வாணிகத்தைத் திருத்திக்கொள்ளுதல் என்று நாம் போற்றும் கலை எத்திசையிலும் பாயவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 2019 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் இத்தகைய வசூல் முறையைத் தடைசெய்தது. தனியுரிமை ஆணையமும் அச்செயலிகள்மீது நடவடிக்கை எடுத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய வங்கி, கைபேசிப் பணப்பைகள் சூதாட்டத் தளங்களுக்குச் செல்லும் இணைப்புக்களை 48 மணி நேரத்துள் நீக்கவேண்டும் என ஆணையிட்டதும் இவ்வகையதே.

சொற்பொருள் மாற்றமொன்றையும் கூறிவிடுவாம். 'புடோல்-புடோல்' என்பது முன்னர், இனிக்கப் பேசி மயக்கிப் பணம் பறிக்கும் திருட்டுக் கூட்டத்தாரின் பெயர். இப்பொழுது இளைஞர், தேவையில்லாத பொருளை இணையத்தில் ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், "புடோல் ஆனேன்" என்று சிரித்துக்கொண்டே கூறுகின்றனர். வாங்கிய பொருள்களைப் படம்பிடித்துப் 'புடோல் கண்டெடுப்புக்கள்' என்றும் காட்டுகின்றனர். ஏமாற்றத்தின் பெயர் பொழுதுபோக்கின் பெயராயிற்று. விளம்பரக்காரர் சிலர் இச்சொல்லையே தம் விளம்பரத்தில் எடுத்தாளுகின்றனர். விற்பனை பெருகுகின்றது என்பதும் உண்மையே. எனினும், தன் பொருளைத் தானே மோசம் என்னும் பெயரால் அழைத்து விற்கும் வாணிகத்தை யாம் வேறெங்கும் கேட்டதில்லை.

1989 ஆம் ஆண்டில் லாகுணா மாகாணத்தில் ஒரு செப்பேடு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 822, அஃதாவது கி.பி. 900 இற் பொறிக்கப்பெற்ற அவ்வேடே அத்தீவுகளிற் கிடைத்த எழுத்தாவணங்களுள் மிகப் பழையது. கல்வெட்டும் செப்பேடும் பயிலும் எம்போலியர் அதில் ஓர் அரசன் வெற்றியையோ கோயிற் கொடையையோ எதிர்பார்ப்போம். அதிலுள்ளது ஒரு கடன் தீர்ந்தமைக்குச் சான்று. நாம்வரான் என்பார் பட்ட பொற்கடன் தீர்ந்துவிட்டது. அவரும் அவர் வழித்தோன்றல்களும் விடுபட்டனர். வருங்காலத்தில் எவரேனும் அக்கடன் தீரவில்லை என்று கூறுவாராயின்... என்னுமளவில் ஏடு நின்றுவிடுகின்றது. 2023 ஆம் ஆண்டுச் சட்டமும் இணையத்தில் விற்போர் ஒவ்வொருவரும் தாளிலேனும் மின்வழியேனும் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று விதிக்கின்றது. எம் உரைநூலுக்குச் செலுத்திய பணத்திற்குரிய பற்றுச்சீட்டை யாம் இன்னும் பெற்றிலம்.